கழுகுக் கதை போதும், காப்பிச் செடியைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். அன்றாட வாழ்க்கையில் கிடைக்கிற ஆவிக்குரிய பாடங்களைப் பற்றி நம் பத்திரிகையில் வரும் பக்கத்தை நான் விடாமல் படிக்கிறேன். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கும் அதை வாசித்துக் காட்டுகிறேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். அந்தப் பக்கத்தில் வந்த கழுகுக் கதையைத் தயவுசெய்து இனிமேல் போடாதீர்கள்.

கதை எல்லாருக்கும் தெரியும். நாற்பது வயதானதும் கழுகு மலை உச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொள்ளுமாம். புது அலகு முளைத்ததும் அதைக் கொண்டே நகங்களையும் பழைய இறகுகளையும் பிடுங்கிப்போட்டு, ஐந்து மாதம் காத்திருந்து புதிதாகப் பறக்குமாம். கன்வென்ஷன் கூட்டங்களில் கேட்டிருக்கிறோம், வாட்ஸ்அப்பில் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு கழுகு உலகத்தில் இல்லை. அலகு போன கழுகால் இரையைக் கிழிக்க முடியாது, பட்டினியிலேயே செத்துப்போகும். அலகும் நகமும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருக்கிறவை. இறகுகளும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகவே முளைக்கின்றன. ‘கழுகுக்குச் சமானமாய் உன் வயது திரும்ப வாலவயதுபோலாகிறது’ என்ற 103-ஆம் சங்கீதத்தை அனுபவிக்க, எனக்கு அந்த உண்மையான கழுகே போதுமானதாக இருக்கிறது.

எட்டாவது படிக்கிற பிள்ளை போனில் தேடினால் இது பொய் என்று உடனே தெரிந்துவிடும். கதை பொய் என்று கண்டுகொண்ட பிள்ளை, அதோடு சேர்த்து நாம் சொன்ன வசனத்தை என்ன செய்யும்? என் கவலை எல்லாம் அதுதான்.

மல்கியா 3-ஆம் அதிகாரத்து வெள்ளிக் கதையும் இப்படித்தான். உருகின வெள்ளியில் தன் முகம் தெரிகிறவரைக்கும் தட்டான் காத்திருப்பான் என்று சொல்கிறோம். வசனத்தில் முகமும் இல்லை, பிம்பமும் இல்லை. அவர் உட்கார்ந்து புடமிடுவார் என்று மட்டும்தான் இருக்கிறது. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் என்று கொலுசுப் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. நெருப்பின் முன் உட்கார்ந்து வெள்ளி உருக்குகிறவர்கள் இத்தனை பேர் பக்கத்திலேயே இருந்தும், அந்த வேலை எப்படி நடக்கிறது என்று நம்மில் யார் போய்க் கேட்டோம்?

நம் ஆண்டவர் இப்படிச் செய்யவில்லை. லூக்கா 12-இல், மேற்கே மேகம் எழும்பினால் மழை வரும் என்கிறீர்கள், அப்படியே வருகிறது என்று ஜனங்களிடம் சொல்கிறார். தெற்குக் காற்று அடித்தால் உஷ்ணம் என்கிறீர்கள், அதுவும் சரியாகிறது என்கிறார். அந்த நாட்டுக்கு மேற்கே மத்தியதரைக் கடல், தெற்கே பாலைவனம். கேட்டுக்கொண்டிருந்த விவசாயி ஒருவன்கூட மறுத்துப் பேச முடியாத உதாரணம் அது. விதைக்கிறவன், வலை, புளித்த மா எல்லாமே அவருடைய ஊர் ஜனங்கள் கையால் செய்து பார்த்தவை. நமக்கோ ஐப்பசி மழை கிழக்கிலிருந்து வருகிறது. நம் பாடங்களும் இங்கே இருக்கிறவற்றிலிருந்துதானே வர வேண்டும்?

நான் ஏற்காட்டில் இருக்கிறேன். என்னைச் சுற்றி இருப்பது காப்பி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்தச் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த செடி அது. இவ்வளவு காலமாக இங்கே அது காய்க்கிறது, ஆனால் அதைப் பற்றி ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை. திராட்சச் செடியைப் பற்றி எத்தனையோ கேட்டாயிற்று.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் நிழல் மரங்கள் விழுந்து, ஒரு மூலையில் மட்டும் வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. அங்கே இருந்த செடிகளில் காய் கொத்துக் கொத்தாகப் பிடித்திருந்தது. எனக்குப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. பழம் பறிக்க வந்த அம்மா ஒருவர், வயதானவர், பள்ளிக்கூடம் போகாதவர், என்னிடம் சொன்னார்: “இத பாத்து சந்தோசப்படாத தாயி. இதுக்கு நெழல் பத்தல. காச்சிக் காச்சியே செத்துப்போகும்.” அவர் சொன்னபடிதான் ஆயிற்று. இலை உதிர்ந்தது, கிளைகள் நுனியிலிருந்து காய ஆரம்பித்தன. பழங்களைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் பாதி மிதந்தன. உள்ளே கொட்டை இல்லாத சப்பைப் பழங்கள்.

அப்புறம் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அராபிகா காப்பி நிழலில் வளர்கிற ஜாதி. வெயில் அதிகமானால் அளவுக்கு மீறிப் பூத்து, அளவுக்கு மீறிக் காய்க்கும். காய்கள் செடியின் சத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ள, இலைக்கும் வேருக்கும் ஒன்றும் மிஞ்சாது. சில்வர் ஓக் மரத்தை வரிசையாக வைத்து, அதில் மிளகுக் கொடியும் ஏற்றிவிடுகிறார்களே, அந்த மரத்துக்கு முக்கிய வேலை இதுதான். செடி தன்னால் தாங்க முடிகிற அளவுக்கு மட்டும் காய்க்கும்படி அது பார்த்துக்கொள்கிறது. நிழல் மிஞ்சினாலும் பூக்காது என்பதால் மரத்தின் கிளைகளையும் அளவு பார்த்துக் கழிக்கிறார்கள்.

‘கர்த்தர் உன் வலதுபக்கத்திலே உனக்கு நிழலாயிருக்கிறார்’ என்ற 121-ஆம் சங்கீதத்தை, களைத்தவனுக்குக் கிடைக்கிற ஆறுதல் என்று மட்டுமே அதுவரை நினைத்திருந்தேன். அந்த மூலையைப் பார்த்த பிறகு, நாம் அளவுக்கு மீறிக் காய்த்துச் சாகாதபடி நம்மை அடக்கி வைப்பதும் அவருடைய நிழல்தான் என்று எனக்குத் தோன்றியது.

இது செடியோடு நிற்கிற விஷயமும் இல்லை. நம் சபைகளைப் பாருங்கள். மனதோடு வேலை செய்கிற ஒரு பெண் கிடைத்தால் ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, பெண்கள் ஐக்கியம், மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி, கிறிஸ்துமஸ் நாடகம் எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டுகிறோம். கனி கொடுக்கிறாள் என்று மேடையில் புகழ்கிறோம். இரண்டு மூன்று வருடத்தில் அவள் ஆராதனைக்கே வராமல் போனால் பின்மாற்றம், விசுவாசத்தை விட்டு விலகிவிட்டாள் என்று பேசுகிறோம். சீஷர்கள் ஊழியம் முடிந்து வந்தபோது, சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஜனங்கள் வந்து போய்க்கொண்டிருந்த அந்தச் சமயத்தில், ‘தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்’ என்று ஆண்டவர் அவர்களை அழைத்துப்போனார். மாற்கு 6-இல் இருக்கிறது. யோவான் 15-இல் மிகுந்த கனியைக் கேட்கிறவரும் அவர்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்தப் பழம் பறிக்கிற அம்மா.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் உழைக்கிறவர்களைப் பற்றிப் பாடம் எழுதும்போது, உழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கூலியை விட்டுவிடுகிறோம். ஆண்டவர் விடவில்லை. மத்தேயு 20-இல் கடைத்தெருவில் நின்றவர்கள் ‘ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை’ என்கிறார்கள். சாயங்காலம் கூலி எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதுதான் அந்த உவமையே. சேலத்தில் காலையில் மண்வெட்டியும் சட்டியுமாக ரோட்டோரம் வேலைக்குக் காத்து நிற்கிறவர்களை நாம் தினமும் கடந்து போகிறோம். உவமையில் சொல்கிற பதினோராம் மணி வரைக்கும், அதாவது நம் கணக்கில் சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும், நின்றும் யாரும் கூப்பிடாதவர் எதைச் சமைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பார் என்று ஒரு நிமிடம் யோசித்தால், எஜமான் கடைசி ஆளுக்கும் முழுக் கூலி கொடுத்தது ஏன் என்று விளங்கும். யாக்கோபு 5-இல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று இருக்கிறதே, அதையும் இந்தப் பக்கத்தில் ஒருநாள் பார்க்க ஆசைப்படுகிறேன்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் விண்ணப்பம் இது. இந்தப் பக்கத்துக்குப் போதகர்களிடமும் என்னைப் போன்ற ஆசிரியைகளிடமும் மட்டும் எழுத்துக் கேட்காதீர்கள். ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்கிறவர்கள், கொலுசுக்குப் பொடி வைக்கிற பெண்கள், இருபது கொண்டை ஊசி வளைவிலும் தினமும் பஸ் ஓட்டுகிற டிரைவர்கள் நம் சபைகளிலேயே இருப்பார்கள். எழுத வராதவர்கள் சொன்னால், யாராவது கேட்டு எழுதித் தரலாம். ஏற்காட்டுப் பக்கம் அப்படி யாராவது சொல்ல முன்வந்தால், எழுதித்தர நான் தயார்.

கிறிஸ்துவுக்குள்,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை,
ஏற்காடு.