கருப்புக் காருக்கு நாங்கள் போட்ட பாலிஷ்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கமுங்க.

கோவையில் காளப்பட்டி, சரவணம்பட்டிப் பக்கம் இருக்கும் நம் கார் பாலிஷ் கடை வாடிக்கையாளர்களில் பலர், நம் கடையைக் குறை சொல்லிச் சுற்றும் அந்த வாட்ஸ்அப் குரல் பதிவைக் கேட்டிருப்பீர்கள். நேற்று மட்டும் ஆறு பேர் எனக்கே அனுப்பி, "என்னங்க இது?" என்று கேட்டார்கள். கேட்காமல் மனதில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருப்பார்கள், அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

"காசை வாங்கிக்கொண்டு மட்டமான பாலிஷைப் போட்டுவிட்டார்கள், மூன்றே வாரத்தில் கோடெல்லாம் திரும்ப வந்துவிட்டது" என்கிறார் அந்தப் பதிவில், நம்மிடம் வந்த ஒரு கருப்புக் காரின் சொந்தக்காரர். கோடு என்றால் பெயின்டில் விழுந்த கீறல். கார் சொன்ன நேரத்துக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தால் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருப்பேன், அது சில வாரங்களாக நடப்பதுதான். மட்டமான பாலிஷ் என்ற பேச்சுதான் பொறுக்க முடியவில்லை. பதினோரு வருடமாகக் கடையில் எந்தப் பாட்டிலையும் உங்கள் கண்ணுக்கு மறைத்து வைத்ததில்லை. அலமாரி வாசலைப் பார்த்துத்தான் இருக்கிறது.

நடந்தது இதுதான். அந்தக் கருப்புக் கார் வியாழக்கிழமை சாயங்காலம் வந்தது. சனிக்கிழமை அவர்கள் வீட்டில் கல்யாண வரவேற்பு. கையில் இருந்தது ஒரே பகல். முறையாகக் கோடு எடுக்க அந்த நேரம் போதாது என்பதால், ஒரே சுற்றில் முடியும் ஆல்-இன்-ஒன் பாலிஷைப் போட்டோம். அதில் லேசாகத் தேய்க்கும் துகளும் இருக்கும், பள்ளத்தை நிரப்பும் ஃபில்லரும் மெழுகும் இருக்கும். வரவேற்பன்று கார் கண்ணாடி மாதிரி இருந்தது, போட்டோ எங்களிடமும் இருக்கிறது. நாலைந்து முறை ஷாம்பு போட்டுக் கழுவியதும் ஃபில்லர் கரைந்துபோய், அடியில் இருந்த பழைய கோடுகள் வெளியே தெரிந்துவிட்டன. பொருள் மட்டமானதல்ல. அவசரத்துக்கு அது செய்யக்கூடிய வேலை அவ்வளவுதான். சாவி கொடுக்கும்போது இதை வாயால் சொன்னோம், பில்லில் எழுதவில்லை. கல்யாண அவசரத்தில் இருப்பவர் காதில் எது ஏறும்? எழுதிக் கொடுக்காதது என் தவறு. அந்த ஐயாவிடம் போனில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். காரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், காசு வாங்காமல் முழு வேலையும் செய்து கொடுப்போம்.

ஆனால் எது நல்ல பாலிஷ், எது மட்டம் என்ற பேச்சு கிளம்பிவிட்டதால், நாங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது. கம்பெனியிலிருந்து வரும்போது அது பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். வெயிலில் சிலந்தி வலை மாதிரி தெரிகிறதே, அந்தக் கோடு ஒவ்வொன்றும் இந்த அடுக்கில் விழுந்த சின்னப் பள்ளம். பள்ளம் போக வேண்டுமென்றால் சுற்றி இருக்கும் மேட்டைப் பள்ளத்தின் அடிவரை இறக்க வேண்டும். அதாவது நிஜமாகவே கோடு எடுக்கும் எந்தப் பாலிஷும் கிளியர் கோட்டில் கொஞ்சத்தைத் தின்றுதான் எடுக்கும், போன அடுக்கு திரும்ப வராது. அதனால்தான் வேலை தொடங்கும் முன் தடிமன் மீட்டரை வைத்துப் பார்க்கிறோம். தகரத்தின் மேல் இருக்கும் மொத்தப் பெயின்டையும் அது காட்டும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் எங்கள் மீட்டர் அங்கே பேசாது, அங்கே கை அடக்கம்தான் துணை.

நிறையப் பேர் வீடியோ பார்த்துவிட்டு வந்து, "ஹெவி கட் போடுங்க, அதுதான் பவர்" என்கிறார்கள். மென்செர்னா என்ற கம்பெனியின் பாலிஷ் 400, 2500, 3800 என்று எண் போட்டு வருகிறது. 400 கடுமையாக வெட்டும், அதுதான் ஹெவி கட், 2500 நடுத்தரம், 3800 கடைசி மினுக்குக்கு. அது உப்புத்தாள் எண் இல்லை, ஆனால் போக்கு அதேதான், எண் ஏற ஏற மென்மை. மெகுவியர்ஸ் கம்பெனியில் 105 வெட்டும், 205 மினுக்கும். நாங்கள் எப்போதும் மென்மையான முனையிலிருந்துதான் தொடங்குவோம். காரைக் கழுவி, கிளே என்ற களிமண் மாதிரிக் கட்டியைப் போட்டுச் சொரசொரப்பை எடுத்துவிட்டு, பானட்டில் இரண்டு சாண் இடத்தில் மட்டும் டேப் ஒட்டி, மென்மையான ஃபோம் பேடில் மினுக்குப் பாலிஷைப் போட்டுப் பார்ப்போம். கோடு போய்விட்டதா, அதோடு நிறுத்திக்கொள்வோம். போகவில்லையென்றால் ஒரு படி ஏறுவோம். கம்பளி பேடும் ஹெவி கட்டும் கடைசியில்தான். மூன்றாவது படிக்குப் போகும் கார்கள் குறைவுதான்.

ஒரு காருக்கு ஒத்துவந்தது அடுத்த காருக்கு ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. கிளியர் கோட் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியில் நிறத்துக்கு நிறம்கூட மாறும். கடினமான பெயின்டில் மென்மையான பாலிஷ் வழுக்கிக்கொண்டு போகும். மிருதுவான கருப்பில் ஹெவி கட் போட்டால் கோடு போய், அந்த இடத்தில் புகை மூட்டம் மாதிரி ஒரு மங்கல் நிற்கும். பட்டறையில் திரும்ப அடித்த ஒரு கதவு மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். கிளியர் கோட் இல்லாத பழைய சிவப்புக் காரில் பேடே சிவப்பாகிவிடும். ஒரு அம்மா அதைப் பார்த்துப் பதறிவிட்டார்கள், பாவம். அது கலர் அடுக்கு நேராகத் தேய்வதால் வருவது, அங்கே மிகவும் பார்த்துத்தான் செய்வோம்.

பாட்டில் பாதி வேலைதான், மீதி கையில் இருக்கிறது. சில பாலிஷில் துகள் தேயத் தேய உடைந்து பொடியாகும். அது பொடியாகும் முன் மெஷினை நிறுத்தினால் மங்கல் நிற்கும். வேறு சிலவற்றில் துகள் உடையாது, பேடும் அழுத்தமும்தான் முடிவு செய்யும். நீங்கள் எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடும் நம் மாஸ்டருக்கு இது விரல் நுனியில் தெரியும். சித்திரை முடிந்ததும் அவர் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். பிள்ளைகள் படிப்புக்காகப் போனவரை வாழ்த்தித்தான் அனுப்பினேன். ரோட்டரி மெஷினிலேயே தடம் விழாமல் முடிக்கும் கை அது. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும், சீக்கிரம் வெட்டும், சீக்கிரம் சூடும் ஏறும். ஓரங்களில் பெயின்ட் மெலிசாக இருக்கும், அசந்தால் தகரம் தெரிந்துவிடும். பழகாத கை என்றால் வெயிலில் வானவில் மாதிரி ஒரு தடம் ஓடும். இப்போது இருக்கும் இரண்டு தம்பிகளும் நல்ல உழைப்பாளிகள், ஆனால் ரோட்டரியை அவர்கள் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் முழுக்க டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) மெஷினுக்கு மாறிவிட்டோம். அது சுற்றிக்கொண்டே ஆடும், சூடு குறைவு, தடம் விழாது. நேரம்தான் பிடிக்கும். ஒரு காருக்கு இரண்டு நாள் ஆகிறது, ஒரு நாள் பாலிஷை நிறுத்திவிட்டோம், அடுத்த மாதம் முதல் சின்ன காருக்கு 4,500 ரூபாய் 6,000 ஆகிறது, ஜிஎஸ்டி தனி.

இனிமேல் வேலை முடிந்ததும் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் உங்கள் கண் முன்னால் துடைத்துக் காட்டுவோம். எண்ணெயோ ஃபில்லரோ எதையாவது மறைத்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். காரை வெயிலில் நிறுத்திப் பார்த்த பிறகு காசு கொடுத்தால் போதும். எந்தப் பாலிஷ், எந்த பேட், மீட்டரில் முன்னும் பின்னும் எவ்வளவு என்பதெல்லாம் பில்லிலேயே இருக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். காலையில் ஒரு வாளி உப்புத் தண்ணீரும் பழைய பனியன் துணியுமாக அப்பார்ட்மென்டில் கார் துடைக்கிறார்களே, நாங்கள் எடுக்கும் கோட்டில் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. தூசியோடு துணியை இழுத்தால் அது உப்புத்தாள் இழுத்த மாதிரிதான். துடைக்கிற அண்ணனைக் குறை சொல்லவில்லை, அவருக்கு ஒரு வாளிக்கு மேல் யாரும் தண்ணீர் தருவதில்லை. முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றச் சொல்லுங்கள். போர் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி பிடிக்கும், நாளானால் பாலிஷுக்குக்கூட அசையாது. நல்ல தண்ணீர் வரும் நாளில் கழுவினால் காருக்கு நல்லது.

2020 ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்தபோது, வேலை எதுவும் நடக்காமலேயே "பிறகு பார்த்துக்கலாம், வைச்சுக்கங்க" என்று அட்வான்ஸ் அனுப்பியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அந்தப் பணத்தில்தான் அப்போது கடை வாடகை கொடுத்தேன். போன வாரம் அந்தப் பதிவு வந்த குரூப்பிலேயே, "நான் ஏழு வருஷமா அங்கதான் விடறேன், ஒரு தடவை போய்க் கேட்டுட்டுப் பேசுங்க" என்று ஒருவர் எழுதியதையும் பார்த்தேன். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் இப்போதே நிறைகிறது. ஒரு நாளைக்கு இரண்டு காருக்கு மேல் எடுக்க முடியாது என்பதால், தேதியைக் கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சந்தேகம் இருப்பவர்கள் எந்த நாளும் வரலாம், காரே இல்லாமல் வந்தாலும் சரி, பழைய பானட் ஒன்று கடையில் கிடக்கிறது, அதில் மூன்று பாலிஷையும் போட்டுக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்