தாய்லாந்து பட்டாயாவுல நம்ம தமிழ் சங்கம்: 2025 செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை தூக்கத்த விட்டுட்டு நாக்லுவா, ஜோம்தியன், ஸ்ரீராச்சான்னு எங்கெங்கயோ இருந்து பிள்ளைங்களோட வந்திருக்கீங்க, ரொம்ப நன்றி.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பட்டாயாவுல இருக்கோம்னு சொன்னா ஊர்ல சொந்தக்காரங்க ஒரு மாதிரி பாக்கறாங்க, அது நம்ம பொண்ணுங்க பிள்ளைங்க காதுலயும் விழுது. அவங்களுக்கு தெரிஞ்சது ராத்திரி வெளிச்சம் போடற ஒரு தெரு மட்டும்தான். காலைல பிள்ளைய ஸ்கூல் வேன்ல ஏத்திட்டு பாட் பஸ்ஸுங்கற ஷேர் வண்டில தொங்கிட்டு வேலைக்கு போறது, சாயங்காலம் நாக்லுவா மார்க்கெட்டுல ப்லாத்தூ மீனு வாங்கிட்டு வந்து புளி கரைச்சு குழம்பு வெக்கறதுன்னு நாம இங்க குடும்பம் நடத்தறோம். அதனால ஊர் பேர சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டாம்.

நிகழ்ச்சிகள்ல ஏப்ரல்தான் மனசுக்கு நிறைவா இருந்துச்சு. 13ஆம் தேதி தாய்லாந்துக்காரங்களுக்கு புது வருஷமான சொங்க்ரான், அடுத்த நாள் நமக்கு சித்திரை ஒண்ணு. ரெண்டும் சூரியன் மேஷத்துக்கு வர்ற அதே கணக்குதான், சங்கராந்திங்கற வார்த்தைதான் இங்க சொங்க்ரான் ஆயிருக்கு. பட்டாயாவுல பெரிய தண்ணி ஆட்டம் 19ஆம் தேதிதான்ங்கறதால அதுக்கு முன்னாடியே நம்ம பெரியவங்கள வரிசையா உக்கார வெச்சோம், பக்கத்து வீட்டு தாய்லாந்து குடும்பங்கள் வந்து மல்லிப்பூ மிதக்கற வாசனை தண்ணிய அவங்க உள்ளங்கையில ஊத்தி ஆசி வாங்கினாங்க, நம்ம பாட்டி ஒருத்தங்க கண்ணு கலங்கி, தண்ணி ஊத்தின ஒரு பொண்ணு தலைல கை வெச்சு தீர்க்காயுசா இருன்னு தமிழ்லயே சொன்னாங்க, அந்த பொண்ணுக்கும் புரிஞ்சுது. தீபாவளி நல்லபடியா நடந்துச்சு. அதுக்கு நாலு நாள் கழிச்சு, அக்டோபர் 24 அன்னைக்கு, தாய்லாந்து ராஜமாதா சிரிகிட் காலமானாங்க. ஊரே கருப்பு சட்டையில இருக்கறப்ப பாட்டு கச்சேரி வேண்டாம்னு நவம்பர் நிகழ்ச்சிய நிறுத்தினோம். அட்வான்ஸ் பணம் கொஞ்சம் போச்சு, இருந்தாலும் அது சரியான முடிவுதான்.

புதுசா வந்த சைவ குடும்பங்களுக்கு ஒரு தகவல். மஞ்சள் கொடில சிவப்பா "ஜே"ன்னு தாய்லாந்து எழுத்து போட்ட கடைல சாப்பிடுங்க, அங்க மீன் சாஸ் மட்டுமில்ல, பூண்டு வெங்காயம் கூட கிடையாது. மத்த கடைல "மாய் ஸாய் நாம் ப்லா", அதாவது மீன் சாஸ் போடாதீங்கன்னு மறக்காம சொல்லணும், கீரை வதக்கல்ல கூட மீன் சாஸோ சிப்பி சாஸோ இருக்கும்.

இனி செப்டம்பர் விஷயம், இதத்தான் நான் நீளமா சொல்ல போறேன். நம்ம மூத்த உறுப்பினர் ஒருத்தர், 71 வயசு, ரிடயர் ஆனவங்களுக்கு வருஷா வருஷம் விசாவ நீட்டிக்கற ரிடயர்மெண்ட் எக்ஸ்டென்ஷன்ல தனியா இருக்காரு. மழை ராத்திரி பாத்ரூம் வாசல்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஒடஞ்சு போச்சு. போன் கட்டில் மேல, கைக்கு எட்டல. சொம்பால தரைய தட்டிக்கிட்டே இருந்திருக்காரு. கீழ சோம்தாம்ங்கற பப்பாளிக்காய் சாலட் கடை போடற அம்மா சத்தம் கேட்டு வாட்ச்மேன கூட்டிட்டு வந்து கதவ திறந்து ஆம்புலன்ஸ் நம்பர் 1669க்கு போன் போட்டாங்க. சுகும்வித் ரோட்டுல முட்டி வரைக்கும் தண்ணி, ஆம்புலன்ஸ் வர லேட்டு. அது வரைக்கும் அந்த அம்மா தரையில உக்காந்து அவர் தலைய மடில வெச்சிருந்தாங்க.

ஆஸ்பத்திரில ஆபரேஷனுக்கு முன்னாடி டெபாசிட் கட்டணும்னாங்க. அவர்கிட்ட பணம் இல்லாம இல்ல, பேங்க்ல 8 லட்சம் பாட் இருக்கு, ஆனா அது விசாவுக்கு காட்டற பணம். ஆகஸ்ட்ல புதுப்பிச்சாரு, அதுக்கப்பறம் மூணு மாசம் முழுசா அப்படியே இருக்கணும், பின்னாடியும் 4 லட்சத்துக்கு கீழ இறங்கக்கூடாது, இறங்கினா அடுத்த வருஷ எக்ஸ்டென்ஷன் போச்சு. எடுத்துடலாம்னு துணிஞ்சாலும் வலில அவருக்கு போன் பின் நம்பரே ஞாபகம் வரல. நான் நம்ம குரூப்புல மெசேஜ் போட்டேன், விடியறதுக்குள்ள ஏழு குடும்பம் போன்லயே பணம் அனுப்பற பிராம்ப்ட்பேல அனுப்பிட்டீங்க. யார் எவ்வளவுன்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த ஏழு பேரையும் நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

கோயமுத்தூர்ல இருந்து அவரோட பொண்ணு ஓடி வந்தாங்க. தாய்லாந்துக்குள்ள வர்றவங்க ஆன்லைன்ல நிரப்பற, மே 1ல இருந்து வந்திருக்கற டிஜிட்டல் அரைவல் கார்டுக்கு ஏதோ ஒரு சைட்ல அவசரத்துல பணம் கட்டியிருக்காங்க. அது இமிக்ரேஷன் சைட்ல இலவசம், வர்றதுக்கு மூணு நாளைக்குள்ள போட்டா போதும், ஊர்ல இருந்து யார் வந்தாலும் சொல்லி வைங்க. அப்பறம் அய்யா படுக்கைல இருக்கறப்பதான் இமிக்ரேஷன்ல 90 நாளுக்கு ஒரு தடவ விலாசம் சொல்ற ரிப்போர்ட்டும் அவருக்கு வந்துச்சு, 15 நாள் முன்ன, 7 நாள் பின்ன வரைக்கும் டயம் இருக்கு, தாண்டினா 2,000 பாட் அபராதம். நம்ம இணைச்செயலாளர் பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டு போய் குடுத்துட்டு வந்தாரு.

பொண்ணு லீவு முடிஞ்சு கிளம்பினதுக்கு அப்பறம் ஒன்றரை மாசம் தினமும் காலைல அரிசி கஞ்சி கொண்டு வந்தது அந்த சோம்தாம் அம்மாதான். அவர "லுங்"னுதான் கூப்பிடுவாங்க, பெரியப்பான்னு அர்த்தம். காசு குடுத்தா வாங்கல.

அதனால செயலாளரா நான் வெக்கற தீர்மானம் இது. வர்ற வருஷம் மேடை, லைட்டு, சவுண்டு செலவ பாதியா குறைச்சு அந்த பணத்த அவசர நிதியா தனி கணக்குல போடணும், அதோட குடும்பத்துக்கு மாசம் 100 பாட் சேக்கணும். மூணு பேர் கையெழுத்து, ராத்திரியே எடுக்கற மாதிரி இருக்கணும். பிள்ளைங்க டான்ஸ் குறையும்னு வருத்தப்படறவங்க இருக்கீங்க, தெரியும், ஆடட்டும், ஹால்லயே ஆடட்டும்.

கணக்க பொருளாளர் வாசிப்பாரு. இட்லி வெச்சிருக்கற மேஜை ஓரத்துல ஒரு ஃபாரம் இருக்கு. பிளட் குரூப், சாப்பிடற மாத்திரை, ஊர்ல யாருக்கு போன் பண்ணணும், இன்னொரு சாவி யார்கிட்ட இருக்குன்னு நாலே கேள்விதான். தனியா இருக்கறவங்க அத நிரப்பி என் கையில குடுத்துட்டுதான் இன்னைக்கு வீட்டுக்கு போகணும்.