பள்ளி மனை வரியைப் புதுப்பிக்கும் வாக்கெடுப்பை 2026 நவம்பர் தேர்தலில் நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்
கையெழுத்திட்டுள்ள தமிழ்ப் பெற்றோரும் மூத்தோரும்,
சாந்தா கிளாரா கவுண்டி, கலிஃபோர்னியா.

பெறுநர்
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
கல்வி வாரியம்,
பள்ளி மாவட்ட அலுவலகம்,
சாந்தா கிளாரா கவுண்டி.

பொருள்: காலாவதியாகவுள்ள பள்ளி மனை வரியை அதே தொகையில் தொடர வாக்காளர் ஒப்புதல் கேட்கும் தீர்மானத்தை உரிய காலத்தில் நிறைவேற்றக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நமது பள்ளி மாவட்டத்தின் மனை வரி 2027 ஜூன் 30ஆம் தேதியோடு முடிவுக்கு வருகிறது. அதை அதே தொகையில் தொடர மக்களின் ஒப்புதலைக் கேட்கும் தீர்மானத்தை வாரியம் இந்தக் கோடைக்குள் நிறைவேற்ற வேண்டும். 2026 நவம்பர் 3ஆம் தேதி நடக்கும் தேர்தலின் வாக்குச்சீட்டில் அது இடம்பெற வேண்டும். இதுவே எங்கள் கோரிக்கை. தேர்தலுக்கு 88 நாள் முன்னதாகத் தீர்மானம் கவுண்டி அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் ஆகஸ்ட் 7 கடைசி நாள். அதற்கு முன் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் ஒன்றையும் நடத்தியாக வேண்டும். ஜூலையில் வாரியம் கூடுவது அபூர்வம். ஆகவே கையில் இருப்பவை சில வாரங்களே.

மனுவைத் தமிழில் எழுதியிருக்கிறோம். ஆங்கில மொழிபெயர்ப்பு பின்னால் இருக்கிறது. கையெழுத்திட்டவர்களில் பலர் பிள்ளைகளோடு வந்து குடியேறிய பெரியவர்கள். தாங்களே படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதவர்கள். அவர்களில் ஒருவர் ஊரில் வட்டாட்சியர் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் குப்பை கொட்டியவர். நான் "பார்சல் வரி" என்று ஆரம்பித்ததும் சிரித்துவிட்டார். "ஓட்டலில் சாம்பாரைத் தனியாகக் கட்டித் தருவதற்கா வரி?" என்றார். நம் ஊர் சர்வே எண்ணைப் போல இங்கே ஒவ்வொரு மனைக்கும் ஓர் எண் உண்டு, அந்த மனையைத்தான் பார்சல் என்கிறார்கள், வீட்டின் மதிப்பு எதுவானாலும் மனை ஒன்றுக்கு இவ்வளவு என்று விதிக்கும் வரி இது என்று விளக்கினேன். "அப்படியென்றால் மனை வரி என்று சொல்லித் தொலையேன்" என்றார். அவர் வைத்த பெயரையே மனு முழுவதும் வைத்துக்கொண்டோம்.

இந்த மனு ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களில் பாதிப் பேருக்கு மேல் இங்கே வாக்குரிமை இல்லை. எச்1பி விசாவில் வந்து, கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக வரிசையில் நிற்பவர்கள். சிலர் வீடு வாங்கி இந்த வரியை நேராகக் கட்டுகிறார்கள். மற்றவர்கள் வாடகை வழியாகக் கட்டுகிறார்கள். அவர்கள் பெயரில் ரசீதுதான் வருவதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் கல்வி வாரியத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று 2016இல் மக்களே முடிவு செய்தார்கள். எங்கள் பகுதியில் அந்த வழி இல்லை, இந்த மனுவில் அதைக் கேட்கவும் இல்லை. நவம்பரில் வாக்குச்சீட்டைத் தொட முடியாதவர்களுக்கு அந்தச் சீட்டில் எது அச்சாக வேண்டும் என்று ஆகஸ்டுக்கு முன் சொல்லும் வாய்ப்பு ஒன்றே இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்கிறோம்.

ஒவ்வோர் அக்டோபரிலும் சொத்து வரிச் சீட்டு தபாலில் வரும். மேலே பெரிய தொகை; கீழே சிறு எழுத்தில் தனி வரிகளின் பட்டியல். கொசு ஒழிப்புக்கு இவ்வளவு, நீர்நிலைப் பாதுகாப்புக்கு இவ்வளவு, விரிகுடாவின் சதுப்பு நிலங்களை மீட்க 12 டாலர். இந்த 12 டாலர் 2016இல் ஒன்பது கவுண்டி மக்கள் சேர்ந்து வாக்களித்து, 20 ஆண்டுகளுக்குத் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டது. அதே பட்டியலில் பள்ளி வரியும் ஒரு வரியாக நிற்கிறது, இரண்டு இலக்கத் தொகையோடு. என் அப்பா ஊரில் வீட்டு வரி கட்டிவிட்டு வந்தால் ரசீதில் நூலக வரி என்று தனியே போட்டிருப்பார்கள். 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டத்தால் வந்தது அது. தெருமுனைக் கிளை நூலகத்தில் நாளிதழ் விரிக்கும்போதெல்லாம், "இது என் காசு" என்று உரிமையோடு சொல்வார். பள்ளி வரியைப் பார்க்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

என் மகள் சென்னையிலிருந்து வந்து இரண்டாம் வகுப்பில் சேர்ந்தவள். முதல் ஒன்றரை மாதம் பள்ளியில் அவள் வாயைத் திறக்கவில்லை. ஆசிரியை பொறுமையாகத்தான் இருந்தார், ஆனாலும் அவருக்கு வகுப்பு நிறையப் பிள்ளைகள். பள்ளி நூலகத்தில் வாரத்துக்கு மூன்று நாள் வரும் உதவியாளர் அம்மையார் இவளைக் கூப்பிட்டு, புத்தகத்தின் பட்டைக் குறியீட்டைப் படிக்கும் கருவியைக் கையில் கொடுத்துவிட்டார். பேச வேண்டாம், கருவியைக் காட்டினால் போதும், அதுவே 'பீப்' என்று பேசும். இடைவேளைதோறும் இவள் அங்கேயே நின்றாள். ஒருநாள் டைனோசர் புத்தகத்தோடு கிளம்பிய ஒரு பையனிடம், "வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தர வேண்டும்" என்று ஆங்கிலத்தில் அதட்டினாளாம். பள்ளியில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது. அந்த அம்மையாரின் சம்பளம் இந்த மனை வரியிலிருந்து போகிறது. அவர் வராத இரண்டு நாட்களும் நூலகம் பூட்டிக் கிடக்கும். பிள்ளைகள் கதவில் உள்ள பிளவு வழியாகப் புத்தகத்தைத் தள்ளிவிட்டுப் போவார்கள். வரி நின்றுபோனால் ஐந்து நாளும் அப்படித்தான்.

மாநில அரசு பார்த்துக்கொள்ளாதா என்று கையெழுத்துக் கேட்டுப் போன இடமெல்லாம் கேட்டார்கள். 1978இல் மாநில மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு, சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காட்டோடு நிறுத்தியது. சொத்து கைமாறாதவரை அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏற முடியாது. பள்ளிகளுக்குத் தேவையானதை உள்ளூரிலேயே திரட்டிக்கொள்ளும் அதிகாரம் அதோடு சுருங்கிப்போய், பணப்பை மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவுக்குப் போய்விட்டது. 2013 முதல் நடப்பில் உள்ள நிதிப் பங்கீட்டு முறையில் ஒரு பிள்ளைக்கான அடிப்படைத் தொகை மாநிலம் முழுவதற்கும் ஒன்றுதான். வாடகை குறைவான மத்தியப் பள்ளத்தாக்கில் ஓர் ஆசிரியர் கொடுக்கும் வாடகை என்ன, சாந்தா கிளாராவில் கொடுக்கும் வாடகை என்ன என்பது அந்தக் கணக்கில் வராது. பணம் வருகைப்பதிவைப் பொறுத்தும் மாறும். காய்ச்சல் பருவத்தில் வகுப்பில் ஆள் குறைந்தால் வருமானமும் குறையும், செலவு மட்டும் அப்படியே நிற்கும். போன தேர்தலில்தானே பள்ளிக்கு வாக்குப் போட்டோம் என்று ஓர் அம்மா கேட்டார். அது கடன் பத்திரம். அந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாம், கூரை மாற்றலாம், நூலக உதவியாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. கொடுக்க முடிந்த பணம் இந்த மனை வரிதான்.

இந்த வரி குறையற்றது என்று நாங்கள் வாதிடப்போவதில்லை. ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கும் பெரிய கடை வளாகத்துக்கும் மனை ஒன்றுக்கு ஒரே தொகை என்பது எந்தக் கணக்கிலும் பொருந்தாது. ஆலமேடா பள்ளி மாவட்டம் வீடுகளுக்கு ஒரு விகிதம், வணிக இடங்களுக்கு வேறு விகிதம் என்று வைத்துப் பார்த்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. பிறகு அந்த மாவட்டமே கட்டடப் பரப்பின் அடிப்படையில் விதித்தபோது நீதிமன்றத்தில் நின்றது. பெர்க்லி பள்ளி மாவட்டம் 1986 முதல் சதுர அடிக் கணக்கில்தான் வசூலிக்கிறது. எங்களில் சிலர் அதற்கு மாற வேண்டும் என்றும், சிலர் தொகையைக் கூட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போயின. கடைசியில், இந்த முறை எதையும் மாற்ற வேண்டாம் என்று முடிவெடுத்தோம். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டிய வாக்கெடுப்பு இது. ஆயிரம் பேர் வாக்களித்தால் 667 பேர் ஆம் என்க வேண்டும். 334 பேர் இல்லை என்றால் முடிந்தது கதை. "இப்போது கட்டுவதையே தொடர்ந்து கட்டுங்கள்" என்று கேட்பதற்கும் புதுக் கணக்கை விளக்கி வாக்குக் கேட்பதற்கும் அந்த 334 பேரிடம் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

நவம்பரை விட்டுவிட்டு 2027 வசந்த காலத்தில் தனித் தேர்தல் வைக்கலாம் என்ற பேச்சும் காதில் விழுகிறது. தயவுசெய்து வேண்டாம். அடுத்த கல்வியாண்டில் வேலை இருக்காது என்று ஆசிரியர்களுக்கு முன்னறிவிப்புக் கொடுக்கச் சட்டம் வைத்திருக்கும் கெடு மார்ச் 15. அதற்குள் வரியின் கதி தெரியாவிட்டால், எதற்கும் இருக்கட்டும் என்று வாரியம் கடிதம் அனுப்பித்தான் ஆக வேண்டும். மே மாதம் அதைத் திரும்பப் பெற்றாலும், கடிதம் வாங்கியவர் அதற்குள் பக்கத்து மாவட்டத்தில் நேர்காணலுக்குப் போய்விட்டிருப்பார். போகக்கூடியவர் திறமையானவராகவும் இருப்பார். நவம்பரில் வாக்கெடுப்பு முடிந்தால், முடிவு எதுவானாலும் மார்ச்சுக்கு முன் கையில் இருக்கும். ஒருவேளை தோற்றாலும் இன்னொரு முறை முயலக் காலம் மிஞ்சும். தனித் தேர்தலின் செலவு முழுவதும் மாவட்டத்தின் தலையில் விழும் என்பது தாங்கள் அறியாததல்ல.

கையெழுத்துப் போட மறுத்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது வயது கடந்தவர், மனைவியோடு சொந்த வீட்டில் இருக்கிறார். "வீட்டு விலையைப் பார்த்தால் நான் பணக்காரன். பையைப் பார்த்தால் ஓய்வூதியக்காரன். இன்னும் எத்தனை வரிதான் கட்டுவது?" என்றார். அறுபத்தைந்து வயது நிறைந்து சொந்த வீட்டில் குடியிருப்போருக்கு இந்த வரியிலிருந்து விலக்கு உண்டு என்று அவருக்குத் தெரியாது. இத்தனை ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். விலக்குக்கான படிவம் மாவட்ட இணையதளத்தில் நான்கு சொடுக்குகளுக்கு உள்ளே, ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. அதைக் கெடுவுக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு முறை கொடுத்தால் தகுதி நீடிக்கும்வரை செல்லும் என்பதைப் புதிய தீர்மானத்திலும் தெளிவாக எழுதிவிடலாமே. மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டம் அனுமதிக்கும் விலக்கையும் அப்படியே தெளிவாக எழுதலாம். விலக்குப் பெற்றவரும் வாக்காளர்தான் என்பதை வாரியம் மறக்கக் கூடாது. விவரம் சொன்ன பிறகும் அந்தப் பெரியவர் கையெழுத்துப் போடவில்லை. படிவத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

வரிப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து ஆண்டறிக்கை தர வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டம். அந்த அறிக்கையின் சாரத்தை ஒரே பக்கத்தில், எந்தப் பள்ளியில் யாருடைய பணி எத்தனை நாள் இதனால் நடக்கிறது என்று தெரியும்படி எழுதி, ஒவ்வொரு பள்ளி அலுவலகத்தின் வாசலிலும் ஒட்டக் கேட்டுக்கொள்கிறோம். நிர்வாக அதிகாரிகளின் சம்பளத்துக்கு இதிலிருந்து ஒரு டாலரும் போகாது என்ற வாசகமும் தீர்மானத்தில் இருக்கட்டும். கையெழுத்துக் கேட்டுப் போன இடங்களில் முதலில் வந்த கேள்வியே அதுதான்.

பொதுப் பணத்தில் பிரசாரம் செய்யக் கூடாது, பக்கச் சார்பற்ற தகவலைத்தான் தரலாம் என்பதை அறிவோம். அந்தத் தகவல் தாளைத் தமிழிலும் வெளியிடுங்கள். மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துத் தரும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்து தருகிறோம். வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்பதை எங்களில் குடியுரிமை பெற்றவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்கள் கார் ஓட்டுவார்கள், இட்லி கட்டிக் கொடுப்பார்கள். (அந்த வட்டாட்சியர் அலுவலகப் பெரியவர் சென்ற ஆண்டுதான் குடியுரிமை பெற்றார். தமது தெருப் பட்டியலை இப்போதே கேட்டு நச்சரிக்கிறார்.)

நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருளின் மீது வாரியம் முடிவெடுக்க முடியாது, வழக்கமான கூட்டத்தின் நிரலை 72 மணி நேரத்துக்கு முன் வெளியிட வேண்டும் என்பதால், கோடை விடுமுறைக்கு முன் நடக்கும் அடுத்த கூட்டத்தின் நிரலில் "மனை வரி புதுப்பிப்பு" என்ற பொருளைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அன்று எங்கள் சார்பில் இருவர் பேசுவார்கள். ஒருவர் தமிழில் பேசுவார். மொழிபெயர்ப்பாளரை நாங்களே அழைத்து வருகிறோம், அதற்கு ஏற்பக் கூடுதல் நேரம் ஒதுக்கித் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையெழுத்திட்டோர் சார்பில்,
தொடக்கப் பள்ளி மாணவியின் தந்தை ஒருவர்

இடம்: சாந்தா கிளாரா கவுண்டி

இணைப்பு: கையெழுத்துத் தாள்கள், ஆங்கில மொழிபெயர்ப்பு