அந்தப் பாட்டுக்கு இசை சொரோசாபல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மூன்று டெனர் (உச்சக் குரல் ஆண்) பாடகர்கள் 1990இல் ரோமில் நடத்திய கச்சேரியைப் பற்றி நம் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். காரகல்லா குளியல் மாளிகையின் இடிபாடுகள், ஜூலை 7, மறுநாள் உலகக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டம், இசைக்குழுவை நடத்தியவர் நம் மும்பையில் பிறந்த ஜூபின் மேத்தா, எல்லாம் சரியாக இருந்தது. அந்த மூவரில் ஒருவரான பிளாசிதோ டொமிங்கோ ஒரு ஸ்பானியப் பாட்டைப் பாடிக் கூட்டத்தை எழுப்பிவிட்டார் என்றும் எழுதியிருந்தீர்கள். ஆனால் அந்தப் பாட்டுக்கு இசை யார் என்று ஒரு வரி இல்லை. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

இசை பாப்லோ சொரோசாபல். ஸ்பெயினின் வடக்குக் கடற்கரையில், சான் செபாஸ்தியானில் 1897இல் பிறந்தவர். அந்தப் பகுதியில் தனி மொழி பேசும் பாஸ்க் இனத்துக்காரர். 1988 டிசம்பரில் மாட்ரிட்டில் இறந்துபோனார். தன் பாட்டை உலகமே கேட்ட அந்த ராத்திரிக்கு ஒன்றரை வருஷம் முன்னால்.

பாட்டின் பெயர் 'நோ புவேதே சேர்', அதாவது 'இருக்கவே முடியாது'. 1936 ஏப்ரலில் பார்சிலோனாவில் அரங்கேறிய 'லா தாபெர்னேரா தெல் புயெர்தோ' என்ற சர்சுவேலாவில் வருகிறது. சர்சுவேலா என்றால் பேச்சும் பாட்டும் கலந்து வரும் ஸ்பானிய இசை நாடகம். துறைமுகத்தில் மதுக்கடை நடத்தும் மரோலாவைப் பற்றி ஊர் கண்டபடி பேசுகிறது. அவளைக் காதலிக்கும் லெயாந்திரோ என்ற மாலுமி, அவள் கெட்டவளாக இருக்கவே முடியாது என்று எடுத்த எடுப்பிலேயே மறுக்கிறான். அப்புறம் அவள் கும்பிட்டதைப் பார்த்தேன், நேசித்ததைப் பார்த்தேன், அழுததைப் பார்த்தேன் என்று வரிசையாகக் காரணம் சொல்கிறான். இவ்வளவு காரணம் தேடுகிறவனுக்கு உள்ளே சந்தேகம் இல்லாமலா இருக்கும்? குரல் மேலே ஏற ஏற அதுதான் நமக்குக் கேட்கிறது. சொரோசாபலின் கெட்டிக்காரத்தனம் அங்கே இருக்கிறது. டொமிங்கோவின் அம்மா பெபிதா எம்பிலும் பாஸ்க்காரர், சர்சுவேலா பாடகி. அதனால் மகனுக்கு இது வீட்டில் புழங்கிய சங்கீதம்.

சொரோசாபல் வசதியான குடும்பத்துப் பிள்ளை இல்லை. சின்ன வயதில் ஊர் கூட்டுப்பாடல் குழுவில் பாடி, அப்புறம் வயலின் வாசித்துச் சம்பாதித்து, 1920இல் ஜெர்மனிக்குப் போய் லைப்சிக்கிலும் பெர்லினிலும் படித்தவர். அங்கே இருந்த காலத்திலேயே பாஸ்க் மெட்டுகளை எடுத்து இசைக்குழுவுக்கு எழுதினார். ஊருக்குத் திரும்பியபின் 1931இல் 'கத்தியுஸ்கா', 1934இல் மாட்ரிட் தெருவாசிகளின் கதையான 'லா தெல் மனோஹோ தெ ரோசாஸ்' என்று ஒன்றன்பின் ஒன்றாக வெற்றி. 1936 ஜூலையில் உள்நாட்டுப் போர் வந்தது. அப்போதைய குடியரசு ஆட்சியின் பக்கம் நின்றவர் என்பதால், அதை எதிர்த்த தளபதி ஃபிராங்கோ ஜெயித்துச் சர்வாதிகாரி ஆன பிறகு அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை.

இசைக்குழு நடத்துநராக அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. 1945 முதல் மாட்ரிட் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு அவர் கையில் இருந்தது. 1952இல் சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் ஏழாவது சிம்பொனியை வாசிக்க வேண்டும் என்று கேட்டார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் முற்றுகையில் சோவியத் நகரமான லெனின்கிராட் பட்டினி கிடந்த நாட்களின் பெயரைத் தாங்கிய சிம்பொனி அது. அந்த முற்றுகையில் ஜெர்மானியரோடு சேர்ந்து சண்டை போட ஃபிராங்கோ அனுப்பிய ஸ்பானியப் படையும் இருந்தது. அப்படிப்பட்ட ஆட்சியின் தலைநகரத்தில் ஒருவர் அந்த இசையை வாசிக்க அனுமதி கேட்டு நிற்கிறார் என்றால் என்ன துணிச்சல் என்று பாருங்கள். அனுமதி கிடைக்கவில்லை. சரி, வேறு ஏதாவது வாசிக்கலாம் என்று அவர் சமாதானமாகவில்லை, பதவியை விட்டு விலகிவிட்டார். ஃபிராங்கோ உயிரோடு இருக்கும்போதே, 1966இல், உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோ தரப்பின் குண்டுவீச்சில் அழிந்த பாஸ்க் ஊரான கெர்னிகாவுக்காக ஓர் இறுதி ஊர்வல இசையும் எழுதினார்.

அவருக்கு மிகப் பிரியமான படைப்பு 'ஹுவான் ஹோசே' என்ற ஓபரா. 1968இல் எழுதி முடித்தார். வேலை பறிபோய், வறுமையில், பொறாமையில் வெந்து அழியும் ஒரு தொழிலாளியின் கதை. 1979இல் ஒத்திகை வரை வந்து நின்றுபோனது. அவர் இறந்து 20 வருஷம் கழித்து, 2009இல்தான் கச்சேரி வடிவில் முதல்முறையாக வாசித்தார்கள், அதுவும் பிறந்த ஊரான சான் செபாஸ்தியானில். மேடை நாடகமாக மாட்ரிட்டில் பார்க்க 2016 ஆயிற்று.

ஆசிரியர் அவர்களே, பாடியவர் பெயர், நடத்தியவர் பெயர், கால்பந்து ஆட்டத்தின் தேதி எல்லாவற்றுக்கும் அந்தக் கட்டுரையில் இடம் இருந்தது. அடுத்த ஞாயிறு ஒரு மூலையில் போட்டாலும் போதும்: அந்தப் பாட்டுக்கு இசை, பாப்லோ சொரோசாபல்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்