கோப்பைல பேரு இருக்குது, அவரு ஆட்டம் எங்கீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

நான் பல்லடம் பக்கத்துல இருந்து எழுதறேன், பவர்லூம் ஓட்டறவன், நோம்பி சமயத்துல சுத்துப்பட்டு ஊருல எங்க மின்னொளி கபடி போட்டி நடந்தாலும் ஸ்கோர் எழுதறதுக்குக் கூப்புடுவாங்க, போயிருவேன். ரொம்ப நாளா மனசுல கெடக்கறத சொல்லோணும்னு தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமா இருக்கும், வெட்டாம போட்டீங்கன்னா புண்ணியமுங்க.

பெரிய பெரிய ஆட்டக்காரங்க செத்துப் போனா உங்க பேப்பர்ல ஒரு பக்கம் முழுசா போடறீங்க. 2020 நவம்பர்ல மரடோனா போனப்பவும் சரி, 2022 மார்ச்ல ஷேன் வார்னே 52 வயசுல திடீர்னு போனப்பவும் சரி, அதே வருஷம் டிசம்பர் கடைசில பீலே போனப்பவும் சரி, நான் பேப்பர் எல்லாம் வாங்கி ஒவ்வொரு வரியா படிச்சேன், கண்ணுல தண்ணி வந்துருச்சு. இதெல்லாம் தப்புன்னு நான் சொல்ல வரலீங்க, போடத்தான் வேணும். எனக்கு அதுல என்ன புடிச்சுதுன்னா அவங்க எப்படி ஆடுனாங்கன்னு எழுதியிருந்தாங்க பாருங்க அதுதான். 1986ல மெக்சிகோல இங்கிலாந்துக்காரங்கள ஒருத்தர் ஒருத்தரா தாண்டிட்டுப் போயி மரடோனா போட்ட கோல், 1993ல மான்செஸ்டர்ல லெக் ஸ்டம்புக்கு வெளிய குத்தி இங்கிலாந்து பேட்ஸ்மேன் கேட்டிங்கோட ஆஃப் ஸ்டம்ப தட்டுன வார்னேவோட அந்த ஒரு பால், இதெல்லாம் நேர்ல பாக்காத என்னையாட்ட ஆளுக்குக் கூட கண்ணு முன்னால வந்து நிக்குது. அந்த மனுசன் போயிட்டாரு ஆனா ஆட்டம் இருக்குது. எங்க பக்கத்து ஆட்டக்காரங்களுக்கு இது நடக்கறதே இல்லீங்க, அதுதான் என்ற வருத்தம்.

எங்க ஊருப் பக்கம் நடக்கற பாதிப் போட்டி "நினைவுச் சுழற்கோப்பை"ன்னு தான் நடக்குது. இன்னாரு நினைவாக முதலாம் ஆண்டு, மூணாம் ஆண்டு, பத்தாம் ஆண்டுன்னு ஃபிளெக்ஸ் வெக்கறாங்க. ஃபிளெக்ஸ்ல யாரு பெருசா இருக்கறாங்கன்னு பாருங்க. கட்சிக்காரங்க, பரிசு குடுத்தவங்க, சாப்பாடு போட்டவங்க, பனியன் எடுத்துக் குடுத்தவங்க, ஊருப் பசங்க முப்பது பேரு பாஸ்போர்ட் சைஸ்ல, எல்லாத்துக்கும் மேல ஒரு மூலைல மாலை போட்ட மாதிரி இறந்தவரோட போட்டோ, அதுவும் ரேஷன் கார்டுல இருந்து எடுத்தது, ஆடற போட்டோ கூட இல்ல. மைக்குல ராத்திரி பூராவும் வர்ணனை நடக்குது, சிறப்பு விருந்தினரு பேர பத்துத் தடவ சொல்றாங்க, அந்தக் கோப்பை யாரு பேர்ல இருக்குதோ அவரு ரைடரா (பாடிட்டுப் போறவரா) கேட்சரா (புடிக்கறவரா), எந்தக் கார்னர்ல நின்னாரு, எந்த டீமுக்கு ஆடுனாரு, ஒரு வார்த்த கிடையாது. கோப்பை ஜெயிச்சுட்டுப் போற பையனக் கேட்டுப் பாருங்க, "யாருங்க தெரியலீங்க, இந்த ஊர்க்காரருங்களாட்ட இருக்குது"ன்னு சொல்லுவான். பையன் மேல தப்பே இல்லீங்க, யாரும் சொல்லல அவனுக்கு.

எங்க பக்கத்து ஊருல ஒரு அண்ணன் இருந்தாருங்க. வீட்டுக்காரங்களக் கேக்காம பேர அச்சுல போடக் கூடாதுன்னு இப்பத்திக்கு பேரு எழுதல. 80, 90கள்ல ஆடுனவரு. லெஃப்ட் கார்னர். அப்ப இப்பத்த மாதிரி ரப்பர் விரிப்பெல்லாம் ஏது, மண்ணக் கொத்தி சலிச்சு தண்ணி தெளிச்சு எறக்கி வெச்ச தரை தான், உழுந்தா முழங்கை தோலு உரிஞ்சுரும். எதிர் டீம் ரைடர் பாடிட்டு உள்ள வருவான், மத்த ஆறு பேரும் அசைஞ்சுட்டே இருப்பாங்க, இவரு மட்டும் அசைய மாட்டாரு, குனிஞ்சு ரெண்டு கையவும் தொங்கப் போட்டுட்டு ரைடரோட கண்ணப் பாக்காம காலையே பாத்துட்டு நிப்பாரு. வர்றவன் கூட ஒரு பாயிண்ட் எடுக்கறதுக்கு போனஸ் கோட்டுக்குக் கால நீட்டி வெரல ஊனி ஒடம்போட கனத்த அந்தக் காலுக்கு மாத்தற அந்த ஒரு நொடி இருக்குது பாருங்க, அப்பத்தான் கணுக்கால்ல கை உழும். அதுக்கு முன்ன போனா அவன் உருவிட்டுப் போயிருவான், பின்ன போனா ஒதைச்சுட்டுப் போயிருவான். புடிச்சதுக்கப்பறம் இழுக்க மாட்டாரு, அப்படியே தூக்கிருவாரு, ஒத்தக் கால்ல நிக்கறவனுக்கு எங்கீங்க பலம் வரும், அதுக்குள்ள மத்தவங்க வந்து மூடிருவாங்க. போலீஸ் டீம்ல ஆடுன பெரிய பெரிய ரைடருங்களே அந்தப் பக்கம் போறதுக்கு யோசிப்பாங்கன்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க, அவரோட கடைசி சில வருஷ ஆட்டம் நானே பாத்துருக்கறேன். அப்பறம் முட்டி போயிருச்சு, சைசிங் மில்லுல வேல பாத்தாரு, சாயங்காலமானா பள்ளிக்கூட கிரவுண்டுல பசங்களுக்கு கால் புடி சொல்லிக் குடுப்பாரு, ஒரு பைசா வாங்க மாட்டாரு. 2021ல கொரோனா ரெண்டாவது அலைல போயிட்டாரு. கோயம்புத்தூர்ல கேஸு சென்னையையும் தாண்டிட்டு ஓடுன சமயம் அது, எழவுக்குக் கூட ஆளுங்க கூட முடியல. அவருகிட்ட ஆட்டம் கத்துக்கிட்டவங்க எத்தனையோ பேரு, மூஞ்சி பாக்க முடியாம போச்சு.

இப்ப அவரு பேர்லயும் ஒரு கோப்பை இருக்குதுங்க. மேல எழுதுனேன் பாருங்க அந்தக் கால் புடி சமாச்சாரம், அது எங்கயும் எழுதியில்ல. நேர்ல பாத்தவங்க எங்க ஊரு பேக்கரில சாயங்காலம் உக்காந்துருக்கற நாலஞ்சு பேரு தான், அவங்களுக்கும் வயசாயிருச்சு.

ஆசிய விளையாட்டுல கபடிக்கு பதக்கம் குடுக்க ஆரம்பிச்சதே 1990 பெய்ஜிங்ல தான், டிவில லீக் வந்தது 2014ல. அதுக்கு முன்னாடி ஆடுனவங்க ஆட்டத்துக்கு வீடியோ ஏதுங்க, பாத்தவன் கண்ணு தான் வீடியோ. அதனால தான் இவ்வளவு அவசரமா எழுதறேன்.

இது கபடிக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வேன்னு ரேஸ் டிராக் இருக்குது, எல்லாருக்கும் தெரியும், 2003ல தொறந்தது. கரிங்கறது எஸ். கரிவரதன், நம்ம கோயம்புத்தூர்க்காரரு, மில் குடும்பத்துல பொறந்தவரு. வசதி இருந்துச்சு, வெளிநாட்டுல இருந்து ரேஸ் காரு எறக்குமதி பண்ணி தான் மட்டும் ஓட்டிட்டு இருந்திருக்கலாம். அவரு என்ன பண்ணாருன்னா மாருதி 800 இன்ஜின வெச்சு ஒத்த சீட்டு ரேஸ் காரு இங்கயே டிசைன் பண்ணாரு, ஃபார்முலா மாருதின்னு சொல்லுவாங்க, அதனால செலவு கொறைஞ்சு எத்தனையோ பசங்க டிராக்ல எறங்க முடிஞ்சுது. நம்ம நரேன் கார்த்திகேயன் மொதல் ரேஸ் ஓட்டுனதே ஃபார்முலா மாருதில தான். அந்த நரேன் 2005ல ஃபார்முலா ஒன்ல ஓட்டுன மொத இந்தியரு ஆனாரு, அமெரிக்கா ரேஸ்ல நாலாவதா வந்து பாயிண்ட்டும் எடுத்தாரு. அதப் பாக்கறதுக்குத் தான் கரி இல்ல, 1995லயே விமான விபத்துல போயிட்டாரு, நாப்பத்தொண்ணு வயசு தான். டிராக்குக்கு பேரு வெச்சது நல்ல காரியமுங்க, மனசாரச் சொல்றேன். ஆனா ரேஸ் பாக்கப் போற காலேஜ் பசங்ககிட்ட நான் பேசிப் பாத்துருக்கறேன், நெறையப் பேரு கரின்னா கம்பெனி பேருன்னு நெனச்சுட்டு இருக்கறாங்க. ரேஸ் நடக்கற அன்னிக்கு அவரு என்ன செஞ்சாருன்னு ரெண்டு நிமிஷம் மைக்குல சொன்னா என்னங்க கொறைஞ்சு போயிருது.

ரேஸுன்னதும் இன்னொண்ணு சொல்லணும். 1994 மே 1ஆம் தேதி இத்தாலில இமோலாங்கற எடத்துல ஃபார்முலா ஒன் காரு ஓட்டற அயர்ட்டன் சென்னா ரேஸ்ல செத்தாரு, உலகமே அழுதுச்சு, வருஷா வருஷம் மே 1ஆம் தேதி இன்னும் ஸ்டேட்டஸ் வெக்கறாங்க. அதே டிராக்ல அதுக்கு மொத நாளு ஏப்ரல் 30ஆம் தேதி ரோலண்ட் ராட்சன்பெர்கர்னு ஆஸ்திரியா ரேஸ்காரரு ஒருத்தரு செத்தாரு, அவர யாருங்க நெனைக்கறாங்க. சென்னா மட்டும் மறக்கல. அன்னிக்கு ரேஸ் ஓட்டப் போகயில அவரு காருக்குள்ள ஆஸ்திரியா நாட்டுக் கொடிய மடிச்சு வெச்சுருந்தாராமா, ஜெயிச்சா அதத் தூக்கிக் காட்டறதுக்கு. அப்ப ரேஸ் அமைப்புக்குத் தலைவரா இருந்த மேக்ஸ் மோஸ்லி, சென்னா எழவுக்குப் போகாம ராட்சன்பெர்கர் எழவுக்குப் போனாரு, எல்லாரும் அங்க போயிட்டாங்க இவருக்கும் ஒருத்தரு போகோணுமல்லங்கற நெனப்புல. எனக்கு இதப் படிச்சப்ப அவ்வளவு மரியாத வந்துச்சு அந்த மனுசன் மேல. கூட்டம் போற எடத்துக்குப் போறதுக்கு ஆயிரம் பேரு இருக்கறாங்க. உங்க பேப்பரும் கொஞ்சம் இந்தப் பக்கம் வரோணும்னு தான் கேக்கறேன்.

பொம்பளைங்க கதை இன்னும் மோசமுங்க. 2021 ஜூன்ல மில்கா சிங் கொரோனால போனாரு, 1960 ரோம் ஒலிம்பிக்ல 400 மீட்டர் நாலாவது இடம், எல்லாரும் எழுதுனீங்க. அதுக்கு அஞ்சு நாளு முன்னாடி அவரு சம்சாரம் நிர்மல் கவுரும் அதே கொரோனால போயிருந்தாங்க. அந்தம்மா இந்திய வாலிபால் டீமுக்கே கேப்டனா இருந்தவங்க. நான் பாத்த வரைக்கும் பாதிப் பேப்பர்ல "மில்கா சிங் மனைவி காலமானார்"னு தான் தலைப்பு. நம்ம ஊருலயும் அப்படித்தான். பள்ளிக்கூட காலத்துல மாவட்ட அளவுல, மாநில அளவுல கபடி, கோகோ, வாலிபால் ஆடுன புள்ளைங்க எத்தனை பேரு, கல்யாணம் ஆனதும் எல்லாம் நின்னு போகுது, சர்டிபிகேட் பீரோக்குள்ள போயிருது, பொறவு ஒரு நாளு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டும்போது இன்னாரு சம்சாரம், இன்னாரு அம்மா, இன்னாரு அம்மிச்சின்னு போடறாங்க, ஒரு காலத்துல இவங்க எப்படி ஸ்மாஷ் அடிச்சாங்கன்னு பேரப் புள்ளைக்குக் கூடத் தெரியாது. இது என்னால பொறுத்துக்கவே முடியாத விஷயமுங்க. போஸ்டர் அடிக்கற வீட்டுக்காரங்க தயவு பண்ணி ஒரு வரி சேருங்க, "முன்னாள் மாநில கபடி வீராங்கனை"ன்னு. செலவு எச்சா ஆகப் போறதில்ல.

அப்பறம் வாட்ஸ்அப். 2022ல பண்ருட்டிப் பக்கம் போட்டில ரைடு போன ஒரு சின்னப் பையன் களத்துலயே உசுர உட்டான். அந்த வீடியோ எனக்கு மட்டும் எத்தனையோ குரூப்ல வந்துச்சு, தமிழ்நாடே பாத்துச்சு. அந்தப் பையன் அதுக்கு முன்னாடி ஆடுன நல்ல ஆட்டம் ஒண்ணயாச்சும் யாராச்சும் தேடிப் போட்டாங்களா? பெத்தவங்க காலத்துக்கும் அந்தக் கடைசி நிமிஷத்த அடுத்தவன் போன்ல பாக்கோணுமா? சாவக் காட்டறது அஞ்சலி இல்லீங்க, தயவு செஞ்சு அந்த மாதிரி வந்தா அழிச்சுருங்க.

ஸ்கோர் எழுதறவனா எனக்கு ரொம்பப் புடிச்ச அஞ்சலி எதுன்னா ஆஸ்திரேலியால கிரிக்கெட் ஆட்டக்காரரு பில் ஹியூஸுக்குப் பண்ணது தான். 2014 நவம்பர் 25ஆம் தேதி சிட்னில ஆடிட்டு இருக்கறப்ப பந்து கழுத்துல பட்டு ரெண்டு நாள்ல போயிட்டாரு, 26 வயசு ஆகறதுக்கு மூணு நாளு இருந்துச்சு. காயம் பட்டு வெளிய போனா ஸ்கோர்ல "ரிட்டயர்டு ஹர்ட்"னு தான் எழுதுவோம். அத மாத்தி 63 நாட் அவுட்னு பதிஞ்சாங்க. ஊரு ஊரா ஜனங்க வீட்டு வாசல்ல பேட்ட சாத்தி வெச்சாங்க. ஒரு ஸ்கோர் புக்குல ஒரு வரில எவ்வளவு மரியாத பண்ண முடியும்னு பாருங்க. எங்க பக்கம் ஸ்கோர் ஷீட் என்னாகுதுன்னா விடியக்கால போட்டி முடிஞ்சதும் சாப்பாட்டு எலையோட சேந்து குப்பைக்குப் போகுது. நான் எழுதுனத இப்பெல்லாம் போன்ல போட்டோ எடுத்துட்டுத் தான் குடுக்கறேன், மத்த ஸ்கோரருங்களும் எடுத்து வெய்யுங்க.

போட்டி நடத்தற பசங்ககிட்ட நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. ஹாஃப் டைம் 5 நிமிஷம் இருக்குதல்ல, ஃபைனல்ல அந்த 5 நிமிஷம் சினிமாப் பாட்டு போடாம, இறந்தவரு கூட ஆடுன ஒரு பெரியவரக் கூப்புட்டு மைக்கக் குடுங்க. என்ன புடிச்சாரு, எப்படிப் புடிச்சாரு, எந்த ஊரு டீம எப்ப ஜெயிச்சாங்கன்னு அவரு பேசட்டும், ஒருத்தன் போன்ல ரெக்கார்டு பண்ணட்டும். ஃபிளெக்ஸ்ல அவரு ஆடற போட்டோ போடுங்க, வீட்டுல இல்லைனா டீம்ல ஆடுன மத்தவங்க வீட்டுல கேளுங்க, குரூப் போட்டோ கண்டிப்பா யாருகிட்டயாச்சும் இருக்கும். மில்லுக்காரங்க வேல குடுத்து டீமுக்கு ஆட வெச்ச காலத்து போட்டோ எல்லாம் இன்னும் நெறைய வீட்டுல சொவத்துல தொங்குது, மில்லு மூடுனாலும் போட்டோ இருக்குது, கரையான் புடிக்கறதுக்கு முன்னாடி காப்பி எடுத்து வெச்சுக்கோங்க.

ஆசிரியர்கிட்ட கேக்கறது, வாரத்துல ஒரு நாளு கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் எடிஷன்ல கால் பக்கம் ஒதுக்கிக் குடுங்க. மறைஞ்ச உள்ளூர் ஆட்டக்காரரு ஒருத்தரு, அவரு ஆடுன ஆட்டம், பாத்தவங்க சொன்னபடி. எங்க பிறந்தாரு எத்தனை புள்ளைங்கங்கறது சுருக்கமா போதும், களத்துல என்ன செஞ்சாருங்கறது வெலாவாரியா வரோணும். உங்க நிருபருங்க எல்லா ஊருக்கும் போறதுக்கு நேரம் இருக்காதுன்னு தெரியும், வாசகருங்க எழுதி அனுப்புவோம், நீங்க பெரியவங்க ரெண்டு பேருகிட்ட விசாரிச்சு சரி பாத்துப் போடுங்க.

மொத ஆளா நான் அனுப்பறேன். அந்த லெஃப்ட் கார்னர் அண்ணன் வீட்டுல வர்ற ஞாயித்துக்கெழம போயி அவங்க சம்மதம் கேட்டுட்டு, பேரு, போட்டோ, கூட ஆடுனவங்க சொன்னது எல்லாம் எழுதி உங்க ஆபீஸுக்குத் தபால்ல அனுப்பி வெக்கறேன். எடம் மட்டும் குடுங்க.

இப்படிக்கு,
ஒரு கபடி ஸ்கோரர்,
பல்லடம் பக்கம், திருப்பூர் மாவட்டம்