பரிசு வாங்கிய பழத்தைப் படத்தில் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மாங்கனிக் கண்காட்சி பற்றி உங்கள் இதழில் வந்த பக்கத்தை இரண்டு முறை பார்த்தேன். ஆறு படங்கள் போட்டிருக்கிறீர்கள். ரிப்பன் வெட்டுகிறார்கள், மேடையில் பேசுகிறார்கள், பழங்களை அடுக்கி மயில் செய்திருக்கிறார்கள், கூட்டம் நிற்கிறது, ஒரு குழந்தை அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கிறது, ஒரு விவசாயி கோப்பை வாங்குகிறார். அந்தக் கோப்பையை அவருக்கு வாங்கிக் கொடுத்த பழம் ஆறு படங்களிலும் இல்லை. உங்களை மட்டும் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். ஆண்டுதோறும் எல்லாப் பத்திரிகைகளிலும் இதையேதான் பார்க்கிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் 26 ஆண்டுகளாகப் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் அளவுப் படம் என்று போகும் தொழில். ஆனி மாதம் வந்தால் மட்டும் கேமராவைத் தூக்கிக்கொண்டு மாம்பழம் பார்க்கக் கிளம்பிவிடுவேன். மாவட்டத் தலைநகரில் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சிக்கும் போவேன், சுற்றுவட்டாரத்தில் நடக்கும் சின்னக் கண்காட்சிகளுக்கும் போவேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு அப்படி ஒரு சின்னக் கண்காட்சியில் சந்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு நாட்டு ரகத்தில் முதல் பரிசு கிடைத்தது. அவருடைய தாத்தா காலத்து மரம், கிணற்றை ஒட்டி நின்றது. வீட்டில் அதற்குக் ‘கிணற்றடிக் காய்’ என்று பெயர். பழுத்தாலும் பச்சை மாறாது. காம்படியில் மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மஞ்சள் விழும். நுனியில் மூக்கு இல்லாத, கைக்குள் அடங்கும் உருண்டைப் பழம். பந்தலுக்குள் நுழைந்ததுமே அதன் வாசனை வந்தது. நான் மேடைப் பக்கம் நின்று அவர் சான்றிதழ் வாங்கியதைப் படம் எடுத்தேன். மறுநாள் நாளிதழிலும் அதே காட்சிதான் வந்தது.

சில ஆண்டுகள் கழித்து அவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். சித்திரைக் காற்றில் மரம் சாய்ந்துவிட்டது என்றார். “அன்றைக்கு எடுத்தீர்களே தம்பி, அந்தப் பழத்தின் படம் ஒன்று வேண்டும்” என்றார். யாரோ ஒருவருக்கு ஒட்டுக்கட்டக் கொம்பு வெட்டிக் கொடுத்த நினைவு அவருக்கு இருந்தது. அதிலிருந்து வந்த மரம் எங்கேயாவது நின்றால் பழத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பினார். கம்ப்யூட்டரில் தேடினேன். சான்றிதழ் இருந்தது, சிறப்பு விருந்தினர் இருந்தார், பூங்கொத்து இருந்தது. மேசை விளிம்பில் பாதித் தட்டு, அதில் ஒரு பழத்தின் கால்வாசி, அதுவும் மங்கலாக. பெரியவர் அதையே நெடுநேரம் பார்த்துவிட்டு எழுந்து போனார். அன்று முதல் எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் முதலில் தட்டுகளைத்தான் படம் எடுக்கிறேன். மேடை அப்புறம்தான்.

மாம்பழத்தைப் படம் எடுப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்த மாவட்டத்தில் மாந்தோப்பு என்றால் பெரும்பாலும் பெங்களூராதான். தோத்தாபுரி என்றாலும் கிளிமூக்கு என்றாலும் அதுதான். கூழ் தொழிற்சாலைகளுக்குப் போவது அது. அதற்கு நடுவே நீலம், செந்தூரா, மல்கோவா, காலாப்பாடு, இமாம் பசந்த், பங்கனப்பள்ளி, பீத்தர் என்று எத்தனையோ. ஒரு ரகத்தை அடையாளம் காண அதன் தோள், அதாவது காம்பை ஒட்டிய மேற்பகுதி, எந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறது, காம்பு பள்ளத்தில் இருக்கிறதா மேட்டில் இருக்கிறதா, மூக்கு கூர்மையா மழுங்கலா, தோலில் புள்ளிகள் நெருக்கமா விலகலா என்றெல்லாம் பார்க்க வேண்டும். மேலிருந்து எடுத்த படத்தில் மூக்கும் தெரியாது, தோளும் தெரியாது. கிளிமூக்கைக் காம்புப் பக்கமிருந்து எடுத்தால் அது வேறு பழமாகிவிடும். பழத்தைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, கேமராவைப் பழத்தின் மட்டத்துக்கு இறக்கி எடுத்தால்தான் உருவம் கிடைக்கும்.

நிறமும் அப்படித்தான். கண்காட்சிப் பந்தல்களில் சிவப்பும் நீலமுமாகத் துணி கட்டுவார்கள். வெயில் அதன் வழியாக இறங்கும்போது பங்கனப்பள்ளியின் மஞ்சள் செந்தூராவின் சிவப்பாக மாறித் தெரியும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து எடுத்தால் பிறகு நிறத்தைச் சரிசெய்துகொள்ளலாம். முடிந்தால் உரியவரிடம் கேட்டு, தட்டையே பந்தலின் ஓரத்துக்குக் கொண்டுவந்து திறந்த வெளிச்சத்தில் எடுப்பது இன்னும் நல்லது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், தோலில் வெள்ளையாக ஒரு திட்டு விழுந்து அந்த இடத்துப் புள்ளிகள் எல்லாம் அழிந்துவிடும். செல்போனைப் பழத்தின் மேல் கொண்டுபோய் நீட்டினால் முன்னால் இருக்கும் பழம் பூசணிக்காய்போல ஊதிவிடும். இரண்டடி பின்னால் வந்து ஜூம் செய்துகொள்ளுங்கள். அளவு தெரிய ஒரு பத்து ரூபாய் நாணயம் போதும். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர், எந்தக் காலத்திலும் அளந்துகொள்ளலாம்.

படம் எடுக்க வருபவர்களிடம் இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன். பழத்தைக் கையில் எடுக்காதீர்கள். மரத்திலிருந்து வந்த மாம்பழத்தின் மேல் மெல்லிய வெண்பூச்சு ஒன்று இருக்கும். விரல் பட்டால் அந்த இடம் மட்டும் பளபளத்து, விரல்தடம் அப்படியே நிற்கும். போட்டிக்குக் கொண்டுவருபவர்கள் பழத்தைக் காம்போடு பறித்து, வைக்கோலில் பொதிந்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வருகிறார்கள். காம்பு ஒடிந்தால் பால் வழிந்து தோல் கறுத்துவிடும் என்பதற்காக அத்தனை கவனம். ஒரு செல்ஃபிக்காக அதை எடுத்து, கன்னத்தில் வைத்து, திரும்பப் போடும்போது காம்பு ஒடிவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தட்டுக்குப் பின்னால் நின்ற அம்மா எதுவும் சொல்லவில்லை. ஒடிந்த பக்கம் தெரியாதபடி பழத்தைத் திருப்பி வைத்தார்.

அமெரிக்க வேளாண்மைத் துறை 1886 முதல் 1942 வரை ஓவியர்களை அமர்த்திப் பழங்களை நீர்வண்ணத்தில் வரையவைத்தது. 7,500-க்கும் மேற்பட்ட ஓவியங்கள். அவற்றில் பாதியளவு ஆப்பிள்கள், மாம்பழமும் உண்டு. ரகத்தின் பெயர், அனுப்பியவர் பெயர், ஊர், தேதி எல்லாம் ஓவியத்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள். வெட்டிய பழத்தின் உட்புறத்தையும் வரைந்திருக்கிறார்கள். பழைய ரகங்களைத் தேடுபவர்களுக்கு இன்றும் அது பயன்படுகிறது. நமக்கு ஓவியர்கள் வேண்டாம். கையில் ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது. தட்டில் எழுதி வைத்திருக்கும் பெயர்ச்சீட்டையும் சேர்த்து எடுத்தால் போதும், ரகம், ஊர், வட்டம் மூன்றும் படத்துக்குள் வந்துவிடும். கண்காட்சி முடியும் நாளில் உரியவர் சம்மதித்தால் ஒரு பழத்தை நீளவாக்கில் அரிந்து சதையின் நிறத்தையும் கொட்டையின் பருமனையும் எடுத்துவைக்கலாம். ஒட்டுக்கட்டுகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

அடுத்த ஆண்டு கண்காட்சிப் பக்கம் போடும்போது ஆறு படங்களில் இரண்டையாவது தட்டுகளுக்குக் கொடுங்கள். கோப்பை வாங்கும் படத்தைப் போடுவதானால் விவசாயியின் கையில் கோப்பையோடு பழத்தையும் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். படத்தின் கீழே ‘முதல் பரிசு பெற்ற விவசாயி’ என்பதோடு நிறுத்தாமல் எந்த ரகம், எந்த ஊர் என்று ஒரு வரி எழுதுங்கள்.

இந்த ஆண்டு பரிசு பெற்ற நான்கு நாட்டு ரகங்களின் படங்களை, உரியவர்களின் சம்மதத்துடன், இக்கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். பணம் எதுவும் வேண்டாம். இடம் இல்லையென்றால் ஒன்றையாவது வெளியிடுங்கள். நிறத்தைக் கூட்ட வேண்டாம். பெயர்ச்சீட்டு இருக்கும் கீழ்ப்பக்கத்தை வெட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஸ்டூடியோ நடத்தும் வாசகர் ஒருவர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.