ஓராண்டில் பதினொரு புத்தகங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், சென்ற ஆண்டில் எத்தனை நூல்கள் படித்தோம் என்பதை வாசகர்கள் பலர் தெரிவித்திருந்தனர். ஒருவர் 60 என்றும், இன்னொருவர் 100ஐத் தாண்டிவிட்டதாகவும் எழுதியிருந்ததைக் கண்டபின் என் கணக்கையும் கூட்டிப் பார்த்தேன். 11 வந்தது. அவற்றில் இரண்டைப் பாதியிலேயே மூடிவிட்டதால் 9 என்று சொல்வதுதான் நேர்மை. ஆனாலும், எவருக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாமல், என் விருப்பத்துக்காக மட்டுமே நான் படித்த முதல் ஆண்டு அது என்பதால் இக்கடிதத்தை எழுதத் துணிந்தேன்.

நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அந்த ஆண்டுகளில் நான் படிக்காத நாளே கிடையாது. படித்ததெல்லாம் கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம். பத்திரத்தைப் பார்க்கிறவன் வாக்கியத்தைப் படிப்பதில்லை. சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருக்கிறதா, நான்கெல்லையில் கிழக்கும் மேற்கும் இடம் மாறிக் கிடக்கின்றனவா, அடித்தல் திருத்தலுக்குக் கையொப்பம் இருக்கிறதா என்று பிழையை மட்டுமே தேடிக்கொண்டு போகிறான். பிழை இல்லையென்றால் அவனுக்கு அந்தப் பத்திரத்தில் வேலை இல்லை. ஓய்வுக்குப் பிறகு கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தபோதும் என் விரல் வரிக்கு அடியில் ஓடியதே தவிர, மனம் எதிலும் நிற்கவில்லை.

அந்தப் பழக்கத்தை உடைத்தது என் மனைவியின் கண்புரை அறுவைச் சிகிச்சைதான். சில வாரங்கள் கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தொலைக்காட்சியும் இல்லாமல் அவர் படும் பாட்டைப் பார்த்து, மாலை விளக்கேற்றிய பின் அரை மணி நேரம் வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினேன். முதலில் எடுத்தது கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. 1976இல் வெளிவந்த நாவல் அது. அவர் பிறந்த இடைசெவல் எங்கள் கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர். ஏக்கர், சென்ட் கணக்கில் மட்டுமே நான் அறிந்திருந்த கரிசல் நிலத்தில் மனிதர்களும் நடமாடுகிறார்கள் என்பதை 60 வயதுக்குமேல் அந்த நூலில்தான் கண்டேன். அதில் வரும் மங்கத்தாயாரு அம்மாளுக்கு வயது 137. அந்த இடம் வந்ததும் என்னையறியாமல் வாசிப்பை நிறுத்தி, இது எப்படிப் பொருந்தும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். "கதையில வர்ற கிழவிகிட்டயும் வயசுச் சான்று கேப்பீகளா?" என்றார் மனைவி. அன்றிலிருந்து பிழை தேடுவது குறைந்தது. கரிசல் சொற்களை நான் தவறாக உச்சரித்தால் படுத்தவாறே அவர் திருத்துவார். கிராமத்தில் பிறந்தவர் அவர், நானோ நகரத்தில் வளர்ந்தவன். வாய்விட்டு வாசிக்கிறவன் வரிகளைத் தாண்டிப் போக முடியாது என்பதும், கேட்பவர் ஒருவர் இருந்தால் ஒரே பத்தியை மறுநாளும் வாசிக்க நேரும் என்பதும் எனக்குப் புதிய அனுபவங்கள்.

பூமணியின் 'வெக்கை' நாவலை மட்டும் நானே தனியாக, இரண்டே இரவுகளில் படித்தேன். கொலை செய்துவிட்ட சிறுவனும் அவனுடைய தகப்பனும் காடுமேடெல்லாம் மறைந்து திரியும் கதை. முடித்த கையோடு முதல் பக்கத்துக்குத் திரும்பி, இம்முறை நிதானமாக, அவர்கள் கிடைத்ததைக் கொண்டு சமைத்துச் சாப்பிடும் இடங்களில் எல்லாம் நின்று நின்று படித்தேன். எண்ணிக்கைப் பட்டியலில் அது ஒன்று என்றுதான் ஏறும்.

ஆண்டில் மிக அதிக நாட்களை எடுத்துக்கொண்டது உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறான 'என் சரித்திரம்'. 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கிய அந்நூலில் 122 அத்தியாயங்கள். நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டோம். நூலகத்தில் 15 நாள் தவணை என்பதால் எட்டு முறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. இன்னுமா முடியவில்லை என்று நூலகர் கேட்டார். எண்ணிக்கை பற்றிய தங்கள் இணைப்பைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்நூலின் ஒரு காட்சிதான். 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில், முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காண இளம் தமிழாசிரியரான சாமிநாதையர் செல்கிறார். என்னென்ன படித்தீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார், கேட்டவரோ அசையவில்லை. இவற்றால் என்ன பயன் என்று கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணியும் மணிமேகலையும் சிலப்பதிகாரமும் படித்ததுண்டா என்கிறார். இவர் அவற்றைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. சாமிநாதையரின் பதிப்பாகச் சிந்தாமணி 1887இல் அச்சேறியதற்கு அந்த ஒரு கேள்விதான் தொடக்கம். அவ்வளவு நீண்ட பட்டியலை ஒப்பிப்பதும், அது எடுபடாமல் போவதும் எப்படியிருந்திருக்கும் என்று அன்றிரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். 1942இல் ஐயர் காலமானதால் நூல் நடுவழியிலேயே நின்றுவிடுகிறது. கடைசி அத்தியாயத்தை வாசித்து முடித்ததும் "அப்புறம்?" என்று மனைவி கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பாதியில் விட்ட இரண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று தடித்த மொழிபெயர்ப்பு, பெயர்கள் பிடிபடவில்லை. மற்றது மகன் பரிசளித்த சுயமுன்னேற்ற நூல். முன்னேற வேண்டிய வயது எனக்குக் கடந்துவிட்டது.

தங்கள் இதழ் மூலமாக ஒரு வேண்டுகோளும் உண்டு. மகன் பரிசளித்ததைத் தவிர மற்றப் புத்தகங்கள் எல்லாம் எங்கள் பகுதிக் கிளை நூலகம் கொடுத்தவையே. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக, 1948இலேயே, பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. சொத்துவரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டி வருகிறோம். ஆனால் எங்கள் கிளை நூலகம், வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் பூட்டப்பட்டு விடுகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டரை வரை திறந்திருந்தால் பலருக்கு உதவும். எங்கள் தெருவில் தீப்பெட்டி ஆலைக்குச் செல்லும் பெண் ஒருவர், ஆலை விடும் நேரத்துக்குத் திறந்த நூலகக் கதவைக் கண்டதே இல்லை. அவருக்காக என் உறுப்பினர் அட்டையில் நான் புத்தகம் எடுத்து வந்து தருகிறேன். நூலகர் இதை அறிவார். கண்டும் காணாமல் இருக்கிறார். ஆகவே நூலகப் பதிவேட்டின்படி சென்ற ஆண்டில் நான் படித்தவை 30க்குமேல் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவுத்துறை ஊழியர்,
கோவில்பட்டி.